கூரை துணியா, உலோகமா?

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பந்தயப் பாதை ஒன்று இருக்கிறது. இன்னும் விற்பனைக்கு வராத கார்கள் பலவற்றை அங்கேதான் ஓட்டிப் பார்ப்பார்கள். வடிவம் தெரியாமலிருக்க உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுருள்கோடு ஒட்டியிருக்கும். வேலியோரம் கேமராவோடு நிற்பவர்களிடம் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சிக்கிவிட்டால் போதும், "கூரை துணியா, உலோகமா?" என்று சண்டை ஆரம்பம்! படத்தில் துணி தெரிந்துவிட்டால், "காசை மிச்சம் பிடித்துவிட்டார்கள்" என்ற புலம்பல் வேறு.

இது நியாயமா?

1996-ல் மெர்சிடீஸ் எஸ்எல்கே வந்த பிறகு மடியும் உலோகக் கூரைதான் மவுசு. அதைப் பிளேடால் கிழிக்க முடியாது, உள்ளே இரைச்சலும் குறைவு. உண்மைதான். ஆனால் அந்தக் கூரையை மடித்து எங்கே வைப்பது? டிக்கியில்தான்.

2009-ல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூரையை மூடினால் டிக்கியில் 310 லிட்டர் இடம். திறந்தால் வெறும் 180. பெட்டி வேண்டுமா, வானம் வேண்டுமா? 2018-ல் வந்த அடுத்த இசட்4 துணிக்கே திரும்பியது. திறந்தாலும் மூடினாலும் 281 லிட்டர். திறக்கும் நேரமும் 20 விநாடியிலிருந்து 10 ஆனது. உச்சியில் எடை குறைந்தால் வளைவில் கார் சாய்வதும் குறையும்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறென்ன வேண்டும்? துணிதான் சரி. இல்லை என்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்!