என் அணியின் நெடியவர் யார்?

கூடைப்பந்து ஆடுவோர் சிலர். ஆடாமலே அணி சேர்ப்போர் இன்று பலர்! உண்மையான ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் போடும் புள்ளிகளையும் பிடிக்கும் பந்துகளையும் கூட்டி வெற்றி தோல்வி காண்பதே ‘கற்பனை அணி’ என்னும் விளையாட்டு. பழைய ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் வாதம் இன்னும் சூடு பிடிக்கும். கூடைக்கு அருகே நிற்கும் ‘சென்டர்’ இடத்திற்கு ஹக்கீம் ஒலாஜுவானா, டேவிட் ராபின்சனா என்பது அத்தகைய தீராத வாதங்களுள் ஒன்று.

இருவரும் அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் புகழ் பெற்றவர்கள். ஒருவர் 7 அடி; மற்றவர் 7 அடி 1 அங்குலம். ஒலாஜுவான் 1984 முதல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியிலும், ராபின்சன் 1989 முதல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிலும் ஆடினர். இரண்டும் டெக்சஸ் மாநிலத்து நகரங்களே. ஆட்டவாழ்வு முழுவதையும் கணக்கிட்டால் ஓர் ஆட்டத்திற்கு ஒலாஜுவானின் சராசரி 21.8 புள்ளிகள், ராபின்சனுடையது 21.1. குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடித்தது முறையே 11.1, 10.6. எதிரி எறிந்த பந்தைத் தடுத்தது 3.1, 3.0. இரட்டையர் போலல்லவா இருக்கிறார்கள்! ஒரே ஆட்டத்தில் நான்கு துறைகளில் பத்தும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் அப்போட்டிகளின் வரலாற்றிலேயே நால்வர்தாம். அந்நால்வருள் 1990இல் ஒலாஜுவானும் 1994இல் ராபின்சனும் இடம்பெற்றனர்.

வெறும் கணக்கையே பார்ப்பவள் ராபின்சனைத் தேர்ந்தால் அவளைக் குறை கூற மாட்டேன். 1993-94 பருவத்தில் ஆட்டத்திற்கு 29.8 புள்ளி எடுத்து முதலிடம் பெற்றவர் அவர். அப்பருவத்தின் கடைசி நாளில் மட்டும் 71 புள்ளிகள் குவித்தார். தண்டப் பந்து எறிவதிலும் ஒலாஜுவானைவிடச் சற்றுக் கைதேர்ந்தவர்.

நம் பள்ளியில் வாக்கெடுத்தால் ராபின்சனே வெல்வார் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். கடற்படைக் கல்லூரியில் பயின்று, ஸ்பர்ஸ் அணி 1987இலேயே தேர்ந்தெடுத்தும், இரண்டு ஆண்டு கடற்படைப் பணியை முடித்த பின்னரே ஆட வந்தவர். 2001இல் சான் அன்டோனியோவில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியையும் நிறுவினார். நம் அருட்சகோதரியர் மனம் குளிர இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால், தோழியரே, “அவர் நம்மவர்” என்பது நல்லவரைப் போற்றக் காரணமாகலாம். சென்டரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகாது. பக்தியைத்தான் அளவுகோலாக்குவோம் என்றாலோ, இஸ்லாமியரான ஒலாஜுவான் எவ்விதத்தில் குறைந்தவர்? ரமலான் மாதத்தில் பகலெல்லாம் நீரும் அருந்தாது நோன்பிருந்து ஆடியவர் அவர். 1995 பிப்ரவரியில் நோன்போடு ஆடியே அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற சிறப்பையும் பெற்றார்.

ஆகவே பக்தியை ஆலயத்தில் வைத்துவிட்டு ஆட்டத்திற்கு வருவோம்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்த ஒலாஜுவான் இளமையில் கால்பந்தாட்டத்தில் கோல் காத்தவர், கைப்பந்தும் ஆடியவர். கூடைப்பந்தைத் தொட்டதே பதின்பருவத்தின் நடுவில்தான். அந்தக் காலசைவு அவரை விட்டு அகலவேயில்லை. கூடைக்கு முதுகு காட்டி நின்று, இடத்தோளை அசைத்து, எதிரி அப்பக்கம் சாய்ந்தவுடன் வலப்பக்கம் திரும்பி, எறிவது போல் காட்டி, அவன் துள்ளியபின் மெல்ல எறிவார். ராபின்சனின் பலம் ஓட்டமும் துள்ளலும். கூடையை நேர்நோக்கி நின்றால் வல்லவர். ஆனால் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஓடுவதற்கு இடமிருக்காது. அடைபட்ட இடத்தில் புள்ளி எடுக்கத் தெரிந்தவரே அப்போது தேவை.

இதற்குச் சான்று 1995ஆம் ஆண்டின் மேற்குப் பிரிவு இறுதித் தொடர். அப்பருவத்தில் ஸ்பர்ஸ் 62 ஆட்டங்களில் வென்றிருந்தது. ராக்கெட்ஸ் 47 மட்டுமே. இரண்டாம் ஆட்டத்திற்கு முன் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது ராபின்சனுக்கு அரங்கிலேயே வழங்கப்பட்டது. அன்றிரவு ஒலாஜுவான் எடுத்த புள்ளிகள் 41! தொடர் முழுவதும் அவருடைய சராசரி 35.3, ராபின்சனுடையது 25.5. ராக்கெட்ஸ் 4-2 என வென்று, பின்னர் கோப்பையையும் கைப்பற்றியது. ராபின்சனுக்குத் துணைநின்று தடுப்பார் இல்லை என்பர் சிலர். இருவராகத் தடுத்திருந்தால் ஒலாஜுவான் வெளியே நின்ற தம் தோழருக்குப் பந்தைத் தந்திருப்பார். மூன்று புள்ளி விழுந்திருக்கும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1997இல் டிம் டங்கன் என்னும் இளைஞர் ஸ்பர்ஸ் அணிக்கு வந்தபோது, ராபின்சன் முறுமுறுக்காமல் முதலிடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். 1999இலும் 2003இலும் கோப்பை வந்தது. என் கற்பனை அணியில் ஏற்கெனவே ஒரு டங்கன் இருப்பாரானால் நான் ராபின்சனையே அழைப்பேன். இல்லை, மற்ற நால்வரும் அவ்வளவு பேர்பெற்றவர் அல்லர். எனவே 34ஆம் எண் சட்டையை ஒலாஜுவானுக்குத் தருகிறேன். 50ஆம் எண்ணாரை விரும்புவோர் எதிரணியில் சேர்த்துக்கொள்ளட்டும், ஆட்டம் நன்றாயிருக்கும்.