பாணன் காத்த பழம்பதி

ஊர் என்பது மண்ணா, மனிதரா? இவ்வினாவை நம்முள் எழுப்பும் நகரங்களுள் ஒன்று சோர்த்தவாலா. ஏறக்குறைய 17,700 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையதாய், ஐரோப்பாவிலேயே பெரியதாய் விளங்கும் லடோகா ஏரியின் வடகரையில் அது அமைந்துள்ளது.

பதினேழாம் நூற்றாண்டிற் சுவீடியர் ஆட்சியில் உருவாகிய அந்நகர் 1721இல் ருஷ்யர் வசமாயிற்று. 1812இல், ருஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ்த் தன்னாட்சி பெற்றிருந்த பின்லாந்துடன் சேர்க்கப்பட்டது; 1917இல் விடுதலை பெற்ற பின்லாந்தின் நகராயிற்று. 1940இலும், மீண்டும் 1944இலும் போரின் விளைவாகச் சோவியத் நாட்டின் வசமாயிற்று. இன்று அது ருஷ்யாவின் கரேலியாக் குடியரசைச் சேர்ந்தது.

இவ்வரலாற்றை அதன் தெருக்களிலே கண்ணாரக் காணலாம். 1885இல் மரத்தால் எழுந்த நகரமண்டபம், பின்லாந்தியர் கருங்கல்லாற் சமைத்த வங்கிக் கட்டிடங்கள், ருஷ்யக் கிழக்குத் திருச்சபையின் கோயில் ஆகியன ஒரே ஊரில் அயலவர்போல் நிற்கின்றன.

ஆனால், அவற்றை எழுப்பிய பின்லாந்தியர் அங்கில்லர். போரினால் இருமுறை ஊர்துறந்து பின்லாந்தினுட் சென்றனர். அவர்தம் இல்லங்களிற் சோவியத் நாட்டின் பிற பகுதியினர் குடியேறினர்.

எனினும், 1935இற் பின்லாந்துச் சிற்பி அல்ப்போ சைலோ வடித்த பாணன் சிலை, கந்தெலெ என்னும் நரம்பிசைக் கருவியை மடியில் ஏந்தியவாறு நகர்ச் சதுக்கத்தில் இன்றும் வீற்றிருக்கின்றது. ஆட்சி மாறியும் அதனை எவரும் அகற்றினாரில்லை.

பிறர் எழுப்பிய சுவரைப் பேணிக் காப்போரும் அவ்வூர் மக்களே என்பது நம் கருத்து. ஆயினும், எழுப்பியோர் பெயர் மறக்கப்படின் அச்சுவர் வெறுங்கல்லாகிவிடும். பழம்பதிகளைக் காணச் செல்லும் மாணவர், “இவற்றைக் கட்டியோர் எங்கே?” என்னும் வினாவையும் உடன்கொண்டு செல்வாராக.