இடுப்புப் பிடிப்பா, சிறுநீரக வலியா?



ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், கட்டட வேலை செய்யும் நம் தம்பிமார் பலரைப் பார்க்கலாம். சிலர் கையில் தைலமும் வலி மாத்திரையும் இருக்கும். கேட்டால், "இடுப்புப் பிடிப்பு, அண்ணே" என்பார்கள். எல்லா வலியும் பிடிப்பாகிவிடுமா?

பாரம் தூக்கியதால் வந்த தசைவலி, குனிந்து நிமிர்ந்தால் கூடும். அசையாமல் படுத்தால் குறையும். சிறுநீரகக் கல்லின் வலி அப்படியல்ல. விலா எலும்புக்குக் கீழே, முதுகின் ஒரு பக்கத்தில் திடீரென்று கிளம்பும். அலை அலையாக வந்து அடிவயிறு, தொடையிடுக்கு வரை இறங்கும். எப்படித் திரும்பிப் படுத்தாலும் சுகம் கிடைக்காது. வாந்தி வரலாம், சிறுநீர் சிவந்து போகலாம்.

வெயிலில் வேலை செய்வோர் வியர்வையில் நீரை இழக்கிறார்கள். சிறுநீர் குறைந்து கெட்டியாகி, அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகின்றன. கழிவறை தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகவேண்டும். இருதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவே குடிக்க வேண்டும்.

5 மில்லிமீட்டருக்குச் சிறிய கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். தேக்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டு வாங்கிச் சமைப்பதில் தவறில்லை. அதையே மருந்தாக நம்பி நாள் கடத்துவதுதான் தவறு. உப்பைக் குறையுங்கள். "கல் என்றால் சுண்ணாம்புதானே" என்று பாலையும் தயிரையும் நிறுத்திவிடாதீர்கள். அளவோடு சாப்பிடுவது நல்லது.

டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்க வேண்டாம். பலவீனமான சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். வலியோடு குளிர்காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 995ஐ அழையுங்கள்.

கல்லாவது வலித்து எச்சரிக்கிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வலியே இல்லாமல் சிறுநீரகத்தை அழித்துவிடும். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் ஏறக்குறைய மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம். டாக்டர் கூ ஊன் டெய்க் 1969ல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறநிறுவனம், 1987ல் இதே சிராங்கூன் சாலையில் குவோங் வை ஷியு மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தது. இந்தச் சிகிச்சைக்கு வழக்கமாக வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பிழைப்பை நம்பி ஊர் விட்டு வந்தவருக்கு அது எத்தனை பாரம்!

ஆகவே நீரிழிவோ கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் புரதமும் இரத்தமும் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அம்மா அப்பாவுக்கு அந்த நோய் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களே கூடப்போய் இந்தச் சோதனையைக் கேளுங்கள்.