பின்னணி என்பது பெட்டியின் நிறை அல்ல

"முதலில் பின்னணியைக் கழி, பிறகு நிறமாலையைப் பொருத்து." எக்ஸ்-கதிர் வானியல் கற்பிக்கும் இடமெல்லாம் பல வருடங்களாக இந்த வாசகம் என் காதில் விழுகிறது. அண்மையில் ஓர் இணைய விரிவுரையில் அதற்கு உவமையும் சேர்த்தார்கள்: மீனைப் பெட்டியோடு நிறுத்துவிட்டு வெறும் பெட்டியின் நிறையைக் கழிப்பது போலவாம். மன்னார்த் தீவின் தோட்டவெளியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். இனியும் பொறுக்க முடியாது.

பெட்டியின் நிறை மாறாது. பின்னணியோ எண்ணிப் பெற்ற ஒன்று, அதற்கும் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு சக்திக் கூறில் மூலப் பகுதியில் 1 போட்டனும், பத்து மடங்கு பெரிய பின்னணிப் பகுதியில் 16 போட்டன்களும் விழுந்தன என்று வைப்போம். கழித்தால் வருவது −0.6. இப்படி ஒரு போட்டனை எந்த உணரியும் கண்டதில்லை. எண்ணிக்கைகள் பொய்சோன் பரம்பலைப் பின்பற்றும். இரண்டு பொய்சோன் எண்ணிக்கைகளின் வித்தியாசம் அதைப் பின்பற்றாது. வெப்ஸ்டர் காஷ் 1979இல் தந்த புள்ளிவிபரம் கழிக்கப்படாத எண்ணிக்கைக்கு உரியது. சிலர் கழித்த கோப்பை அதற்குள் கொடுத்துவிட்டு, வரும் வழு எல்லைகளை நம்புகிறார்கள். வேறு சிலர் கூறுக்கு 20 எண்ணிக்கை வருமாறு ஒன்றுசேர்த்து, செவ்வன் பரம்பல் வந்துவிட்டது என்று கை-வர்க்கத்தைப் பயன்படுத்துகிறார்கள். மங்கலான மூலத்தில் அப்படிச் சேர்த்தால் 6.4 கிலோ இலத்திரன்வோற்றில் இருக்கும் ஒடுங்கிய இரும்புக் கோடு அகன்ற கூறுக்குள் கரைந்துபோகும். அந்தக் கோட்டைப் பார்க்கத்தானே கருவியை அனுப்பினார்கள்!

"மென்பொருளே கழிக்கிறதே" என்கிறார்கள். எக்ஸ்ஸ்பெக் என்னும் பொருத்தல் மென்பொருளில் பின்னணிக் கோப்பைக் கொடுத்து, காஷின் புள்ளிவிபரமான சி-ஸ்டாட்டைத் தெரிந்தால் அது கழிப்பதில்லை. இரண்டு எண்ணிக்கைகளையும் சேர்த்து டபிள்யூ புள்ளிவிபரத்தைக் கணிக்கிறது. வரைபடம் மட்டும் கழித்த வடிவில் வருகிறது, படத்தைப் பார்த்தவர்கள் கணக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார்கள். பின்னணிக் கூறுகள் வெறுமையாக இருக்கும் இடத்தில் டபிள்யூவும் சாய்ந்துவிடும். அங்கே பின்னணிக்கு ஒரு மாதிரியுருவைக் கொடுப்பதே வழி.

"கழித்தால் மாதிரியுருவே தேவையில்லை" என்பது எனக்கு மிகவும் எரிச்சல் தரும் வாதம். 2015 செப்டெம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய வானியல் செய்மதியான அஸ்ட்ரோசாட்டை எடுங்கள். துணிக்கைகள் செறிந்த தென் அத்திலாந்திக் முரண்வலயத்தின் உக்கிரத்தைத் தவிர்க்கவே அதற்கு 6 பாகை சாய்வான பாதை தரப்பட்டது. அப்படியிருந்தும் பின்னணி சுற்றுக்குள்ளேயே மாறுகிறது. அதன் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் ஒளி பரந்து விழுவதால், பிரகாசமான மூலம் இருக்கும் படத்தில் பின்னணிக்கென்று சுத்தமான மூலை கிடைப்பது அரிது. ஆகவே வெற்று வானத்தை நெடுநேரம் நோக்கிச் சேர்த்த கோப்பைக் குழுவினரே தருகிறார்கள். அதே செய்மதியின் பெரும்பரப்பு விகிதசம எண்ணிகளோ படமே எடுப்பதில்லை. அவற்றின் பின்னணி வெற்று வான நோக்கல்களிலிருந்து கணிக்கப்படுகிறது. அப்படியானால் கழிப்பவர் கழிப்பது என்ன? வேறொருவர் செய்த மாதிரியுருவை, அதன் நிச்சயமின்மையைப் பார்க்காமல்.

அதோடு பின்னணி ஒரே பொருளும் அல்ல. வானத்திலிருந்து வரும் எக்ஸ்-கதிர் ஆடியில் பட்டு வருவதால் விளைபரப்பால் பெருக்கப்பட வேண்டும். துணிக்கைகளால் எழும் பகுதி ஆடி வழியாக வருவதில்லை, அதை அப்படிப் பெருக்குவது பிழை. எக்ஸ்எம்எம்-நியூட்டன் படக்கருவிகளில் 1.49 கிலோ இலத்திரன்வோற்றில் தெரியும் அலுமினியக் கோடு கருவியின் உடலிலிருந்தே பிறப்பது. எக்ஸ்ஸ்பெக்கிலும் அதுபோன்ற ஷெர்பா மென்பொருளிலும் இவ்விரண்டையும் பிரித்து எழுதலாம். கழித்தல் குறி ஒன்றுக்குள் இந்தப் பௌதிகம் முழுவதும் மறைந்துபோகிறது.

பிரகாசமான மூலத்தில் வித்தியாசம் தெரியாது என்பார்கள். நண்டு நெபுலாவுக்குத் தெரியாதுதான், மங்கலான மூலத்துக்குத் தெரியும். எல்லோரும் இப்படித்தான் வெளியிடுகிறார்கள் என்பது விஞ்ஞான வாதமே அல்ல.

அஸ்ட்ரோசாட்டின் தரவுகள் 2018 முதல் எவருக்கும் திறந்திருக்கின்றன. மன்னார்த் தீவில் ஒரு மடிக்கணினி இருந்தால் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளிடம் மூலக் கோப்பையும் பின்னணிக் கோப்பையும் தனித்தனியாகக் கொடுங்கள். முதலில் பின்னணியைப் பொருத்தச் சொல்லுங்கள், அதன்பின் இரண்டையும் சேர்த்து.