குகை பார்க்கத்தான் போனோம்

அந்தமான் போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் யாரிடம் பணம் கட்டியிருந்தாலும் பயணத் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். செல்லுலார் ஜெயில், அங்கேயே மாலையில் ஒளி-ஒலிக் காட்சி. ராஸ் தீவில் மான். நார்த் பேயில் பழைய 20 ரூபாய் நோட்டை நீட்டிப் பிடித்துக் கலங்கரை விளக்கத்தோடு ஒரு படம். ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை, சூரிய அஸ்தமனம். இதற்கு நடுவில் ஒரு நாளுக்கு நேரே மட்டும் 'விடியற்காலை 3 மணிக்குப் புறப்பாடு' என்று போட்டிருக்கும். பாரடாங் தீவு, சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை. அந்த ஒரு நாளைப் பற்றி நாம் இதுவரை உண்மை பேசியதில்லை. போனவர்கள், அனுப்பிவைத்தவர்கள், பயணக் கட்டுரை எழுதியவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு இருட்டோடு போய் வரிசை பிடிக்க வேண்டும். டிரைவர் பெயர்ப் பட்டியலையும் அடையாள அட்டை நகல்களையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார். நாம் டீக்கடைப் பக்கம் நகர்வோம். கடைக்குப் பக்கத்திலேயே விதிகள் எழுதிய பலகை இருக்கிறது: வண்டியை நிறுத்தாதே, முந்தாதே, படம் எடுக்காதே, தின்பண்டம் கொடுக்காதே. கதவு திறந்ததும் போலீஸ் காவலோடு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஜாரவாப் பழங்குடியினரின் காடு.

அதுவரை மடியில் தூங்கிய பிள்ளைகளை உலுக்கி எழுப்பிவிடுவோம். ஜன்னலோர சீட்டுக்குப் பெரியவர்களே போட்டி போடுவார்கள். டிரைவர் பல சமயம் தமிழர்தான். 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். அவரைப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு வெளிய வருவாங்களா?" என்போம். யாராவது ஓரமாகத் தென்பட்டுவிட்டால், "கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்கண்ணே, கண்ணாலதானே பாக்கறோம்." மாட்டிக்கொண்டால் கேஸ் அவர் தலையில் விழும். நாம் மறுநாள் ஹேவ்லாக் போய்விடுவோம்.

திரும்பிவந்து ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து "குகை எப்படி இருந்தது?" என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. "பாத்தீங்களா?" என்பதுதான் கேள்வி. "நாலு பேர். ஒரு பொம்பளை, இடுப்புல கொழந்தையோட." "எங்களுக்கு ஒண்ணுமே மாட்டல." முதுமலைக்குப் புலி பார்க்கப் போய் வந்தவர்கள் பேசுகிற பேச்சு இது. மனிதர்களைப் பற்றிப் பேசினோம்.

குகைதான் குறி என்று இனியும் சொல்ல வேண்டாம். சென்னையிலிருந்து ஒரு பகல் பயணத்தில் ஆந்திராவின் பேலம் குகை இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். விசாகப்பட்டினம் போனால் பொர்ரா குகை. நம்மில் எத்தனை பேர் போனோம்? பாரடாங்கில் அலையாத்திக் காட்டு வாய்க்கால் வழியே படகில் போவது அழகு என்பதை மறுக்கவில்லை. அதன் தம்பி பிச்சாவரத்தில் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. சேற்று எரிமலையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கொப்புளம் விடும் ஒரு சேற்றுக் குட்டை, சுற்றிலும் வேலி.

தெரியாமல் செய்தோம் என்றும் சொல்ல முடியாது. 1970களில் காட்டை வெட்டி அந்தச் சாலை போடப்பட்டபோது ஜாரவாக்கள் அம்பெய்து தடுத்தார்கள். 1990களின் கடைசியில்தான் அவர்கள் வில்லைத் தாழ்த்தி வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. ஊரார் உடம்புக்கு அது பழகிய நோய்; அவர்களுக்கு அப்படியல்ல. காப்புக்காட்டுக்குள் போகும் பகுதியில் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. இதெல்லாம் நம் வீட்டுக்குக் காலையில் வருகிற நாளிதழிலேயே வந்த செய்தி.

1858இல் ஆங்கிலேயர் கைதிகளோடு வந்து குடியேறியபோது அங்கே இன்னொரு பழங்குடியினரான கிரேட் அந்தமானியர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2011இல் 44 பேர். அந்த இனத்து மூதாட்டி போவா சீனியர் 2010இல் இறந்தபோது போ என்ற மொழியைப் பேச உலகத்தில் வேறு ஆளில்லை. அதே 2011 கணக்கெடுப்பில் ஜாரவாக்கள் 380 பேர். நம் ஊர் சுமாரான கல்யாண மண்டபம் ஒன்றில் பந்தி வைத்தால் இரண்டு பந்திக்குள் அடங்கிவிடுகிற ஓர் இனம்.

2012 ஜனவரியில் லண்டனின் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு வீடியோவை வெளியிட்டது. ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்கிறது ஒரு குரல். சாப்பிடக் கொடுத்தாயிற்று, ஆடு என்கிறது. நாம் கொதித்தோம். போலீஸ்காரர்களைத் திட்டினோம், வடநாட்டுச் சுற்றுலாக்காரர்களைத் திட்டினோம். நம் கேமராவிலும் ஓடும் வண்டியிலிருந்து எடுத்த, கலங்கிப்போன இரண்டு படங்கள் இருந்ததை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. மறு ஆண்டு ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் அந்தச் சாலையில் போக உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மார்ச்சில் தடை விலகியது. அந்தச் சில வாரங்களில் நாம் கேட்டதெல்லாம், பாரடாங் இல்லையென்றால் எவ்வளவு குறைப்பீர்கள் என்பதுதான்.

நம் சினிமாவையும் சும்மா விடுவதற்கில்லை. அந்தமான் என்றால் நம் தலைமுறைக்குச் சிவாஜியின் 'அந்தமான் காதலி', அடுத்த தலைமுறைக்குப் பிரபுவும் மோகன்லாலும் நடித்த 'சிறைச்சாலை'. ஆதிவாசி என்றாலோ, உடம்பெல்லாம் கரி பூசி, தழை கட்டி, தீப்பந்தத்தைச் சுற்றிக் குதிக்கும் துணை நடிகர்கள். கட்டிப்போட்ட காமெடியனைச் சுற்றிக் கொதிக்கும் அண்டா. அந்த அண்டாவைப் பார்த்துச் சிரித்து வளர்ந்த கண்களோடுதான் ஜிர்காடாங்கைத் தாண்டினோம். பள்ளிக்கூடத்தில் யாரும் மாற்றிச் சொல்லித் தரவில்லை; வீட்டிலும் நாம் சொல்லவில்லை.

சாலையே உள்ளூர்க்காரர்களுக்காகத்தானே, நாம் போனால் என்ன கெட்டுவிட்டது என்பது நம் கடைசி வாதம். ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மக்களுக்கு அந்தச் சாலை வேண்டும் என்பது உண்மை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில்தான் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரு வேலையாகப் போகிறவர்கள். ஒரே நாளில் போய்வர இரண்டு முறை அந்தக் காட்டைக் கடக்கிறவர்கள் நாம். அவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் நீளும் கார், வேன் வரிசை நம்முடையது. ரங்கத்துக்குக் கப்பல் உண்டு. அதில் போனால் திட்டத்தில் ஒரு நாள் கூடும். டிக்கெட்டுக்கு அலைய வேண்டும். எங்களைக் காட்டு வழியாகக் கூட்டிப்போகாதீர்கள், கப்பலில் போகிறோம் என்று எந்த ஏஜெண்டிடமாவது அடம்பிடித்திருக்கிறோமா? ஹேவ்லாக்கில் தயிர்சாதம் கிடைக்கவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு அடம்பிடித்திருக்கிறோம்.