குளத்துக்கு விரால் குஞ்சா, விராலுக்குக் குஞ்சா?

மூணு நாலு வருஷமா மீன் இருக்கிற குளத்துல விரலளவு விரால் குஞ்சு வாங்கி விடுறது பணத்தைத் தண்ணியில கரைக்கிற வேலை. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மீன் பத்தின விஷயம்ங்கிறதால சைவ நண்பர்கள் இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க :-)

ஊர்ப்பக்கம் கொஞ்சம் நிலம் வச்சிருக்கிற சொந்தக்காரங்க நம்ம எல்லாருக்கும் இருப்பாங்க. அவங்கள்ல பாதிப்பேர் இப்போ குட்டை வெட்டியாச்சு. முதல் வருஷம் கட்லா, ரோகு, மிர்கால் விடுவாங்க. வாய்க்கால் வழியா ஜிலேபி தானா வந்து சேரும். ரெண்டு வருஷத்துல குளம் முழுக்க உள்ளங்கை அளவு ஜிலேபியா நிக்கும், அதுக்கு மேல வளராது. அப்போ யாராவது ஒருத்தர், "விரால் விடுங்க, ஜிலேபியத் தின்னு கொழுக்கும், விராலுக்கு வெல இருக்கு" அப்படிம்பார். யூட்யூப்ல தேடினா லட்சக்கணக்குல லாபம்னு வீடியோ வரிசை கட்டி நிக்குது. ஆக்சிஜன் அடைச்ச பாலிதீன் பையில குஞ்சு வந்து இறங்கும். பூசை போட்டு விடுவாங்க. அவ்வளவுதான்.

யோசனையில தப்பே இல்லை. ஜிலேபி இந்தியாவுக்கு 1952-ல வந்த மீன். வாய்க்குள்ளயே முட்டையை அடைகாக்கும், வருஷத்துல பல தடவை குஞ்சு பொரிக்கும். அதைத் தின்னு கட்டுப்படுத்த ஒரு வேட்டை மீன் வேணும்ங்கிறது சரியான கணக்குதான். கோளாறு எங்கேன்னா, விடுற மீனோட சைஸ்லயும் குளத்தோட வயசுலயும்.

விரால் தன் நீளத்துல பாதி இருக்கிற மீனைக்கூட முழுசா முழுங்கிடும். இப்போ ஒரு பழைய குளத்தை நெனச்சுப் பாருங்க. ஏற்கெனவே மழைக்கு வயல் வழியா ஏறி வந்த நாட்டு விரால் நாலு இருக்கும். குறவை இருக்கும், கெளுத்தி இருக்கும். தண்ணிப்பாம்பு, தவளை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் அட்டெண்டன்ஸ் தவறாம வரும். அதுக்கு நடுவுல 5 செ.மீ. குஞ்சு ஆயிரத்தைக் கொட்டினா என்ன ஆகும்? அதுவும் மணிக்கணக்கா பையில குலுங்கி, சூட்டுல அரை மயக்கத்துல, ஒளிய இடம் எதுன்னே தெரியாத குஞ்சுங்க. தீவனத் தொட்டியில வளந்ததா இருந்தா இன்னும் மோசம். தலைக்கு மேல நிழல் விழுந்தா ஓடாது, சோறு வருதுன்னு மேல வரும். இதுபோக, குஞ்சுகளே ஒண்ணை ஒண்ணு தின்னும். பையில ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசுன்னு கலந்திருந்தா பெருசு சின்னதை முதல் வாரத்துலயே ஆரம்பிச்சுடும்.

இதுல இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது. இயற்கையில விரால் குஞ்சு தனியா வளர்றதே இல்லை. செவப்பா, கூட்டமா, ஒரே பந்து மாதிரி மேலயும் கீழயும் போய்வரும். அடியில அப்பா அம்மா காவல். தவளை கிட்ட வந்தாக்கூடப் பாயும். ஒரு மாசம் போல இந்தக் காவல் நடக்கும். நாம விடுற குஞ்சுக்கு அந்தக் காவல் கிடையாது.

காவல் இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அமெரிக்காவுல ஒரு கதை இருக்கு. மேரிலாந்து மாநிலத்துல கிராஃப்டன்னு ஒரு ஊர். அங்கே ஒரு குளத்துல ஒருத்தர் ரெண்டே ரெண்டு வடக்கத்தி விரால் விட்டார், நம்ம விராலுக்கு அது பங்காளி. நியூயார்க்ல உயிரோட வாங்கின பெரிய மீன். 2002-ல விஷயம் வெளிய தெரிஞ்சு பெரிய களேபரம் ஆச்சு, டிவி, பத்திரிகை எல்லாம். கடைசியில அந்த வருஷம் செப்டம்பர்ல அரசாங்கமே ரோட்டினோன்ங்கிற மருந்தைப் போட்டுக் குளத்தைக் காலி பண்ணினாங்க. பெருசு ஆறும், ஆயிரத்துக்கும் மேல குட்டியும் செத்து மிதந்தது. அது ஒண்ணும் வெறும் குளம் இல்லை, ஏற்கெனவே மீன் இருந்த பழைய குளம். ரெண்டு பெரிய மீன் சாதிச்சதை நம்ம ஆளுங்க ஆயிரம் குஞ்சு வாங்கிச் சாதிக்கப் பாக்குறாங்க.

அமெரிக்காவைத் தொட்டாச்சு, இன்னொருத்தரையும் சொல்லிடுறேன். அலபாமாவுல ஆபர்ன்ங்கிற இடத்துல ஹோமர் ஸ்விங்கிள்னு ஒரு மனுஷன், 1930-கள்ல இருந்து பல வருஷம் குளம் குளமா வெட்டி, மீன் விட்டு, வத்தவச்சு, ஒவ்வொரு மீனா எடை போட்டுப் பாத்தவர். 1950-ல அதையெல்லாம் ஒரு அறிக்கையா வெளியிட்டார். அங்கே விரால் இடத்துல லார்ஜ்மவுத் பாஸ், ஜிலேபி இடத்துல ப்ளூகில். அவரோட கணக்கு எளிசு. குளத்துல இருக்கிற இரை மீனோட மொத்த எடையை வேட்டை மீனோட மொத்த எடையால வகுத்தா 3-ல இருந்து 6-க்குள்ள வரணும், அந்தக் குளம்தான் நல்லா இருக்கும். ஸ்விங்கிள் முறையில பாஸ் குஞ்சும் சின்னதாத்தான் விடுவாங்க, ஏக்கருக்கு ஒரு நூறு. ஆனா அது புதுக் குளம். முதல்ல ப்ளூகில்லை விட்டு, அடுத்த வசந்தத்துலதான் பாஸ் குஞ்சு. அதைத் தின்ன அங்கே பெரிய வாய் எதுவும் இல்லை, அதுதான் சூட்சுமம். பழைய குளத்துக்கு அதே ஊர்க்காரங்க சொல்றது வேற: எட்டு அங்குலத்துக்குக் குறைஞ்ச பாஸை விடாதீங்க.

நம்ம ஊர் மீன்வளக் கையேடுகள்லயும் இது தலைகீழா இருக்கு, யாரும் கவனிக்கிறது இல்லை. கெண்டைக் குஞ்சு விடுறதுக்கு முன்னாடி குளத்துல இருக்கிற வேட்டை மீனை ஒழிக்கணும், ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போடணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் குஞ்சு விடணும்னு எழுதியிருக்கும். 25 சென்ட் குளத்துக்கு அது 250 கிலோ. ஒழிக்க வேண்டிய மீன் பட்டியல்ல முதல்ல நிக்கிறது யாரு? சாட்சாத் விராலேதான். பழைய விரால் இருக்கிற குளத்துல கெண்டைக் குஞ்சு பிழைக்காதுன்னு தெரிஞ்ச நமக்கு, விரால் குஞ்சு மட்டும் எப்படிப் பிழைக்கும்னு தோணவே மாட்டேங்குது. ஒரே ஜாதின்னு விட்டுடும்னு நெனப்பு போல.

மன்னார்குடி பக்கம் இருக்கிற என் சித்தப்பா இதைக் கேட்டுட்டு ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, நம்ம பக்கத்துக் கொல்லைக்காரர் விட்டாரே, மறு வருஷம் வலை போட்டப்ப கிலோ கிலோவா விரால் வந்துச்சே, அது எப்படி?"

"சித்தப்பா, அது அவர் விட்ட மீன்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேற எங்கேருந்து வரும்?"

அங்கேதான் இருக்கு விஷயம். விரால் குளத்துலயே முட்டை போடும். ஐப்பசி மழைக்குக் கரை ஏறி அடுத்த குளத்துல இருந்தும் வரும், காத்தைச் சுவாசிக்கிற மீன், ஈரப் புல்லுல கொஞ்ச தூரம் நெளிஞ்சே போயிடும். ஆக, வலையில வந்தது பழைய விராலோட பிள்ளைகளா, விருந்தாளியா, வாங்கி விட்டதான்னு யாருக்கும் தெரியாது. பேர் மட்டும் வாங்கி விட்ட குஞ்சுக்கு. எங்க தொழில்லயும் இது உண்டு. சர்வர் தானா எழுந்து உக்காந்தா, கடைசியா அதுல கை வச்சவருக்குத்தான் பாராட்டு மெயில் போகும். செத்த குஞ்சு மேல மிதக்கவும் செய்யாது, வேற ஒரு மீன் வயித்துல இருக்கும். அதனால வித்தவர் மேல புகாரும் வராது. இதைவிடப் பாதுகாப்பான வியாபாரம் உலகத்துல உண்டா தெரியலை.

நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னா வழி இருக்கு. மீன் ஆராய்ச்சிக்காரங்க செய்யுறதுதான். விடுறதுக்கு முன்னாடி எல்லாக் குஞ்சுக்கும் ஒரே பக்கத்து இடுப்புத் துடுப்பை அடியோட கத்தரிச்சு விடணும். நுனியை மட்டும் வெட்டினா திரும்ப முளைச்சுடும். அடுத்த வருஷம் வலையில வர்ற நூறு விரால்ல எத்தனைக்குத் துடுப்பு இல்லைன்னு எண்ணினா முடிஞ்சது. செலவு ஒரு கத்தரிக்கோல். குஞ்சு விக்கிறவங்க யாராவது இதைச் செஞ்சு காட்டட்டும், நான் இந்தப் பதிவையே தூக்கிடுறேன்.

"ஆயிரத்துல அம்பது பிழைச்சாப் போதாதா?" அப்படின்னும் கேக்கலாம். போதும்தான், ஆனா அந்த அம்பதுக்கு ஆயிரத்தோட விலை குடுத்திருக்கீங்க. அதே காசுக்கு ஒரு சாண் நீளத்துல கொஞ்சமா மீன் வாங்கியிருந்தா முக்கால்வாசி கையில நிக்கும்னுதான் என் கணிப்பு. சாண் மீனை முழுங்குற அளவுக்கு வாய் உங்க குளத்துல எத்தனை இருக்கும்?

காசு விஷயத்தைக்கூட விட்டுடலாம், அவங்கவங்க பணம். எனக்கு இதுல உறுத்துறது இன்னொண்ணு. விக்கிற குஞ்சு எல்லாமே பொரிப்பகத்துல இருந்து வர்றது இல்லை. ஊசி போட்டு முட்டையிட வைக்கிற பொரிப்பகங்கள் இருக்கு, நல்லாவும் செய்யறாங்க. ஆனா மழைக்காலத்துல ஏரி, வாய்க்கால்ல செவப்புப் பந்தா சுத்துற கூட்டத்தை அப்படியே துணியில அள்ளிட்டு வந்து விக்கிற பழக்கமும் இருக்கு. அந்தப் பந்தைப் பாத்துத் தூண்டில் போட்டு, காவலுக்கு வர்ற பெருசையும் பிடிச்சுடுவாங்க. காவல் போச்சுன்னா மிச்சக் கூட்டம் ஒரே நாள்ல காலி. அதாவது, ஏரியில பிழைச்சிருக்க வேண்டிய குஞ்சை எடுத்து, கண்டிப்பாப் பிழைக்காத ஒரு குட்டையில கொட்ட நாம காசு குடுக்குறோம். உங்க குட்டை தனியார் சொத்து, சரி. அந்த ஏரி ஊர்ச் சொத்து இல்லையா?

சின்னக் குஞ்சுதான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க, எங்கேருந்து வந்ததுன்னாவது கேளுங்க. கூடவே அது விரால்தானான்னும் பாருங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவுல தடை இருக்கு, ஆனாலும் வேற வேற பேர்ல சுத்துது. மீசை இருந்தா அது விரால் இல்லை, அவ்வளவு போதும்.

சரி, குறை சொல்லிட்டே இருந்தா எப்படி, என்னதான் பண்றது? முதல்ல வலை இழுத்துப் பாருங்க. ஜிலேபி எக்கச்சக்கமா, எல்லாம் பொடியா இருந்தா வேட்டை மீன் பத்தலைன்னு அர்த்தம். ஜிலேபி கொஞ்சமா, ஆனா ஒவ்வொண்ணும் பெருசா இருந்தா, உள்ள விரால் ஏற்கெனவே தேவைக்கு மேல இருக்கு, நீங்க பாக்கலை அவ்வளவுதான். ரெண்டாவது வகையில விரால் எல்லாம் தலை பெருத்து உடம்பு ஒட்டி இருக்கும். அந்தக் குளத்துல இன்னும் விரால் விடுறது, பந்தியில எலை பத்தாதப்போ இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வர்ற மாதிரி. அங்கே பிடிச்சு விக்கிறதுதான் மருந்து.

முதல் வகைன்னா சாண் நீள மீனைக் கொஞ்சமா விடுங்க. அது கிடைக்கலையா, அதே குளத்துல நாலு கம்பு நட்டு ஹாப்பா வலை கட்டி, விரலளவு குஞ்சை அதுக்குள்ள வளருங்க. மேலயும் வலை போட்டு மூடணும், விரால் தாண்டும், கொக்கும் வரும். வாரம் ஒரு தடவை பெருசு சின்னதுன்னு பிரிச்சு விடணும், இதுல சோம்பேறித்தனம் பட்டா உள்ளுக்குள்ளயே தின்னு தீத்துடும். சாண் அளவு வந்ததும் தெறந்து விடுங்க. வேலைதான், இல்லைன்னு சொல்லலை.

முழுசா விரால் பண்ணைதான் வேணும்னா சித்திரை வெயில்ல குளத்தை வத்தவச்சு, சேறு பாளம் பாளமா வெடிக்கிற வரைக்கும் காயப்போடணும். சும்மா தண்ணியை இறைச்சா போதாது, சேத்துக்குள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் பழைய விரால் படுத்துக் கெடக்கும். அப்புறம் தண்ணி விட்டு, இரை மீனை முதல்ல பெருக விட்டு, அதுக்கப்புறம் குஞ்சு. அப்போ 5 செ.மீ. குஞ்சே போதும், ஆனா எல்லாம் ஒரே அளவுல இருக்கணும்.

திருவாரூர், நாகை, தஞ்சாவூர் பக்கம் குளம் வச்சிருக்கிற பதிவர்கள் இருந்தா ஒரு வேண்டுகோள். யாராவது துடுப்பு வெட்டி விட்டுப் பாத்திருக்கீங்களா? எத்தனை விட்டீங்க, எந்த அளவுல விட்டீங்க, குறி போட்டது எத்தனை திரும்ப வந்ததுன்னு பின்னூட்டத்துல போடுங்க. ஃபோட்டோ இருந்தா ரொம்ப சந்தோஷம்.