பட்டு பறக்குது பாஸ்!

சேத்துப்பட்டுன்னதும் சென்னை ஸ்டேஷனை நினைக்காதீங்க. இது ஆரணிப் பக்கம், தறிச் சத்தம் கேட்கிற ஏரியா. அங்கிருந்து காலேஜுக்கு வந்து ஏரோமாடலிங்ல இறங்கப்போறீங்களா? ரெடிமேட் ஃபோம் விமானம் வாங்கினா அன்னிக்கே பறக்கலாம். ஓட்டிப் பழக அதுதான் சரி, ஒத்துக்கறேன் (முதல் நாள் எப்படியும் மூக்கு உடையும்).

ஆனா பால்சா மரத்தில் நீங்களே கட்டிப் பாருங்க. ஈக்வடார்ல விளையுற, பஞ்சு மாதிரி லேசான மரம். ரிப் ரிப்பா ஒட்டி, அதுக்கு மேல... நம்ம ஊர் சமாசாரம்தான், பட்டு! மெல்லிய பட்டுத்துணியைப் போர்த்தி, 'டோப்'ங்கிற வார்னிஷ் பூசினா, காயக் காய மத்தளத் தோல் மாதிரி விறைச்சுக்கும். பழைய காலத்துப் பெரிய மாடல்கள் பலதும் இந்தச் சட்டையிலதான் பறந்துச்சு. விழுந்தாலும், எந்த ரிப் போச்சுன்னு கட்டின கைக்குத் தெரியும். ராத்திரி ஒட்டினா காலையில ரெடி.

அதுக்காக அம்மாவோட முகூர்த்தப் பட்டுல கை வெச்சிடாதீங்க பாஸ். ஜரிகை கனத்துக்கு விமானம் பறக்காது, நீங்கதான் பறப்பீங்க!